படத்துக்குப் பின்னால் ஒரு நீதவான்

அன்றைக்கு எழும்பும்போதே ஒரு முடிவு எடுத்துவிட்டேன். பல்லி என்ன சொன்னாலும் சரி, இந்த மனிசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் விடுவதில்லை.

பல்லி என்பது யாருக்கும் வைத்த பட்டப்பெயர் இல்லை. உண்மையான பல்லிதான். நாலு கால், ஒரு வால். அந்த வாலிலும் பாதி புதுசு.

மனிசன் என்பது என் புருஷன் எறோல். புளியந்தீவில் தச்சு வேலை செய்கிறார். அவர் போட்ட கதவை மூடினால் காற்றுகூட விண்ணப்பம் எழுதிக் கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும். அவ்வளவு நெருக்கம். வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. வீட்டில் மட்டும் ஒரு சின்ன விஷயத்துக்கும் என் சொல் ஏறாது.

மூன்று கிழமைக்கு முன்னால் பட்டறையில் உளி தவறி அவருடைய வலது கால் பெருவிரலில் விழுந்தது. சின்னக் காயம். ஆனால் ஆளுக்கு எட்டு வருஷமாகச் சீனி வருத்தம். குளிசை நினைவு வந்தால் போடுவார். நினைவு வருவது பெருநாளுக்குப் பெருநாள். காயம் ஆறவில்லை. எனக்குப் பயம் பிடித்துவிட்டது. எனக்குப் பயம் பிடிக்க ஒரு காரணமும் தேவையில்லை என்று அவர் சொல்வார். இந்தத் தடவை காரணம் இருந்தது.

காத்தான்குடியில் இருந்து அவர் மஸ்கற் அல்வா வாங்கி வந்தால், அவர் தின்னக்கூடாதே என்று நானே தின்று முடித்தேன். லவ் கேக் வந்தால் அதையும். பனிஸ் வந்தால் சீனி பூசின மேல்பக்கத்தை நான் தின்றுவிட்டு அடிப்பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். கவலையில் எனக்குத் தொண்டை வறண்டுகொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு குடம் தண்ணீர் குடித்தேன். ஒரு பெண் தன் புருஷனுக்காக இதற்குமேல் என்ன செய்ய முடியும்?

காலைத் தேத்தண்ணியோடு தொடங்கினேன்.

"இஞ்ச பாருங்க. இண்டைக்குக் கிளினிக் நாள்."

"ஆருக்கு?"

"உங்கட காலுக்கு."

"என்ட காலுக்கு என்ன? நடக்குதுதானே."

"நொண்டுது."

"நொண்டுறதும் நடக்கிறதுதான். அது தன்ட பாட்டில மாறிடும் கொன்னி."

கொன்னி என்றால் நான். கொன்ஸ்டன்ஸ் என்பது ஞானஸ்நானப் புத்தகத்தில் மட்டும்.

"மூணு கிழமையா மாறாதது எப்ப மாறும்?"

"நான் சொல்றன், இன்னும் ரெண்டு நாளில மாறும்."

மேசையில் பென்சிலால் டொக் டொக் என்று தட்டினார். சுவரில் இருந்து சத்தம் வந்தது.

ட்சுக், ட்சுக், ட்சுக்.

எறோல் கதிரையில் சாய்ந்தார். முகத்தில் வழக்கு வென்றவனின் ஒளி.

"கேட்டியா? நீதவான் சொல்லிட்டார்."

முடிவு எடுத்து அரை மணித்தியாலம் ஆகவில்லை. அது முடிந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில், பேசிக்கொண்டிருக்கும்போது பல்லி சொன்னால் அந்த நேரம் வாயில் இருந்த பேச்சு உண்மை. பலகையை மூன்று தரம் தட்டி ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் வாதாட இடமில்லை. நாங்கள் வேதக்காரர், பறங்கிக் குடும்பம். இதெல்லாம் நம்பக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் பிரசங்கத்தில் இதைக் கடுமையாகக் கண்டித்தார். "பல்லியில் விசுவாசம் வைக்கிறவன் மூடன்" என்று அவர் சொன்ன அந்தக் கணத்தில் கோயில் கூரையில் ஒரு பல்லி சொன்னது. முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் தாங்கள் இருந்த வாங்குப் பலகையைத் தட்டினார்கள். அதற்குப் பிறகு ஃபாதர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

எங்கள் வீட்டுப் பல்லி இருந்தது முன்னறைச் சுவரில், திரு இருதயப் படத்துக்குப் பின்னால். அதுதான் எறோலின் பெரிய ஆயுதம்.

"யேசுவுக்குப் பின்னால இருந்துகொண்டு ஒரு சீவன் பொய் சொல்லுமா கொன்னி?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பத்தாம் வகுப்பில் இதற்குப் பதில் படிப்பித்திருப்பார்களோ என்னவோ.

நீதவான் என்று பெயர் வைத்தவரும் அவர்தான். படத்தின் கீழே ஒரு சின்னச் சிவப்புப் பல்ப் எரியும். அதற்குப் பூச்சி வரும். பூச்சிக்கு நீதவான் வருவார். பின்னேரம் ஆறு மணிக்குப் படத்தின் சட்டத்துக்கு வெளியே முதலில் ஒரு கை. பிறகு மூக்கு. இரண்டு பக்கமும் பார்த்து, தொண்டையை ஒரு தரம் துடிக்கவிட்டு, மெதுவாக ஆசனத்துக்கு வருவார். எறோல் சட்டத்தின் விளிம்பில் ஒரு சோற்றுப் பருக்கை வைப்பார். நீதவான் அதை முதலில் முறைப்பார். பிறகு நக்குவார். நக்கிவிட்டுத் தன் கண்ணையே தன் நாக்கால் துடைப்பார். எறோல் வேலை முடிந்து வந்து இதைப் பார்த்துக்கொண்டு அரை மணித்தியாலம் இருப்பார். நான் புதுச்சேலை கட்டி வந்து நின்றால் அரை நிமிஷம்.

அந்த வால் விஷயத்தில் குற்றம் என்னுடையது. ஒருநாள் ஒட்டறை அடிக்கும்போது விளக்குமாறு பட்டு, பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடியது. வால் நிலத்தில் ஐந்து நிமிஷம் துடித்தது. நான் அதைவிட அதிக நேரம் துடித்தேன். பிறகு முளைத்த வால் கட்டையாக, ஒரு பக்கம் கோணி வளர்ந்தது. அன்றிலிருந்து நீதவான் எனக்குச் சாதகமாக ஒரு தீர்ப்புக் கொடுத்ததில்லை.

முரல் மீனைச் சொதி வைப்பதா பொரிப்பதா? பொரிக்க வேண்டும். ட்சுக். குருக்கள்மடத்தில் என் தங்கை கிளோடியா வீட்டுப் பிறந்தநாளுக்குப் போவதா? மழை வரும், வேண்டாம். ட்சுக். மழை வரவில்லை. அன்றைக்கு அடித்த வெயிலில் கருவாடு அரை நாளில் காய்ந்தது.

"மழை வரல்லியே?"

"வரும் எண்டுதானே நீதவான் சொன்னார். எப்ப எண்டு சொன்னாரா?"

நாலு மாதம் கழித்துத்தான் எனக்குச் சங்கதி பிடிபட்டது. எறோலின் காதில் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் இருக்கும். தனக்குத் தேவையானதைச் சொல்லி முடித்ததும், அதை எடுத்து மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவார். எங்கேயோ இன்னொரு பல்லி கூப்பிடுகிறது என்று நினைத்து, நீதவான் பதில் சொல்வார். நாங்கள் பல்லி சொன்ன பிறகு தட்டுகிறவர்கள். என் புருஷன் முதலில் தட்டிப் பிறகு சொல்லவைக்கிறவர்.

நானும் தட்டிப் பார்த்தேன். குசினி அகப்பையால். நீதவான் படத்துக்குப் பின்னால் ஓடி இரண்டு நாள் வெளியே வரவில்லை.

"நீதிமன்றத்த அவமதிச்சிட்டாய்" என்றார் எறோல்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். காலையில் நான் தோற்றேன். மாரி மழையில் முன்னறை யன்னல் ஊதிப்போய் இருந்தது. பத்து மணியளவில் எறோல் சீவுளியைக் கொண்டுவந்து, விளிம்பைச் சீவி, கையால் தடவிப் பார்த்து, அடித்து மூடினார்.

டப்.

வழக்கமாக இந்த இடத்தில் என்னைக் கூப்பிடுவார். "கொன்னி, ஒரு கடதாசி கொண்டா. இடுக்குக்குள்ள போகுதா எண்டு பாப்பம்." நான் கடதாசியோடு வந்து, அது போகவில்லை என்று வியக்க வேண்டும். அது எங்கள் கலியாண ஒப்பந்தத்தில் உள்ளது.

அன்றைக்குக் கூப்பிடவில்லை. நான் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தேன். எறோல் யன்னலைத் திரும்பவும் திறந்து, நிலையில் இருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். கட்டையான, கோணலான ஒரு வால் விரலிடுக்கில் தொங்கியது.

அவருடைய வேலையில் ஒரு நூல் இடைவெளிகூட இருக்காது. அதுதான் அவருடைய பெருமை. பாவம், ஒரு நூல் விட்டிருக்கலாம்.

எனக்குக் கவலை வந்தது. முதலில் பல்லிக்காக. எங்கள் மகள் எறிக்கா கலியாணம் முடித்துப் போன பிறகு அந்த வீட்டில் எங்களைத் தவிர மூச்சு விட்ட சீவன் அது ஒன்றுதான். பிறகு, "ரெண்டு நாளில கால் மாறும்" என்று சொன்ன பல்லி இரண்டு மணித்தியாலத்தில் செத்தால் அதற்கு என்ன பலன் என்று யோசித்தேன். அதற்குப் பிறகு அடுப்பில் வைத்த கறி கருகியதுகூடத் தெரியவில்லை.

வந்து சொல்வார் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். வந்தார்.

"கொன்னி, அந்தத் தையல் பேணி எங்க?"

"என்னத்துக்கு?"

"ஒரு... கதிரைக்கு."

தையல் பேணியில் இருந்து எறிக்கா சின்ன வயசில் கோயிலில் முதல் நன்மை வாங்கியபோது தைத்த சட்டையில் மிஞ்சிய வெள்ளைச் சாட்டின் துண்டை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். இரண்டு மணித்தியாலம் வெளியே வரவில்லை. மனிசருக்குச் சவப்பெட்டி செய்யவே அவருக்கு மூன்று மணித்தியாலம் போதும்.

சாப்பிடக் கூப்பிடப் போகிற சாட்டில் பலகை இடுக்கால் பார்த்தேன். நெருப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான பெட்டி. தேக்கு. ஆறு மூலை. வாலுக்கும் இடம் விட்டிருந்தார். மூடியில் ஒரு சின்னச் சிலுவை செதுக்கி, நாலு பித்தளை ஆணி. உள்ளே சாட்டின் விரித்து, ஓரம் மடித்திருந்தது. வேறு எவனாவது என்றால் ஒரு கடதாசியில் சுற்றி வாவியில் எறிந்திருப்பான். இவருக்கு அது முடியாது. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யத் தெரியாததால்தான் ஆள் என்னிடம் அகப்பட்டார்.

கிணற்றடிக் கறிவேப்பிலை மரத்தின் கீழே குழி தோண்டினார். நான் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, பழைய பறங்கிப் பாஷையில் ஒரு செபம் சொன்னார். அவருடைய அப்பா சொல்லிக்கொடுத்த செபம். சாவு வீட்டில் மட்டும்தான் அதை எடுப்பார். நொண்டிக் காலோடு குந்தி, மண்ணைக் கையால் தட்டி அமர்த்தினார்.

நான் முந்தானையை வாயில் வைத்து அழுதேன். இனி வந்து சொல்வார். சொன்னவுடன் ஆறுதல் சொல்லி, அப்படியே கையோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னேரம் ஆறு மணி. சிவப்புப் பல்ப் எரிந்தது. எறோல் கதிரையில் இருந்து படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை வைத்தேன். குரலை இதமாக்கினேன்.

"ஏதும் மனவருத்தமா?"

"எனக்கா? ஒண்டும் இல்ல."

"கால் நோகுதா?"

"இல்ல எண்டு எத்தின தரம் சொல்ற? அது தன்ட பாட்டில மாறும்."

ட்சுக், ட்சுக், ட்சுக்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருதயப் படத்தைப் பார்த்தேன். யேசுவும் என்னைப் பார்த்தார். பிறகு எறோலைப் பார்த்தேன். தேத்தண்ணிக் கோப்பை வாய்க்கு முன்னால் இருந்தது. கோப்பைக்கு மேலே மீசை ஆடிக்கொண்டிருந்தது.

அட பாவி மனிசா! மதியம் அடக்கம் செய்துவிட்டுப் பின்னேரம் சாட்சிக்குக் கூப்பிடுகிறாயே!

"நீதவான் சொல்லிட்டார்" என்றார், குரல் கொஞ்சம் தழுதழுக்க.

நான் மேசையை மூன்று தரம் தட்டினேன். வேறு என்ன செய்வது? கள்ளம் பிடிபட்டால் ஆள் ஒரு மாதம் என்னோடு பேசமாட்டார். மாதக் கணக்கில் காத்திருக்க அந்தக் காலுக்கு நேரமில்லை.

புதன்கிழமை நீதவான் இன்னும் மூன்று தீர்ப்புக் கொடுத்தார். உயிரோடு இருந்தபோதுகூட ஒருநாளில் இத்தனை வழக்குப் பார்த்ததில்லை. எறோல் வழக்கம்போலச் சட்டத்தின் விளிம்பில் சோற்றுப் பருக்கையும் வைத்தார். நீதவான் சாப்பிட்டுவிட்டார் என்று நான் நம்புவதற்காக, விடிய எழும்பி அதை எடுத்து எறிந்துவிடுவார். அதற்கிடையில் சுவரில் எறும்பு வரிசை கட்டியது.

"என்னங்க, படத்தடியில எறும்பு?"

"நேர்த்திக்கடனாக்கும்."

வியாழக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பிரஷாந்தி மதிலுக்கு மேலால் தலையை நீட்டினாள். அவள் ஆஸ்பத்திரியில் சீனி வருத்தக் கிளினிக்கில் தாதி.

"அன்டி, ஒண்டு சொல்லணும். அங்கிள் வாசலில இருந்து கால் கட்டு மாத்தக்குள்ள கண்டன். ஓரம் கறுத்து வருது."

"கறுத்தா?"

"நாளைக்கும் கிளினிக் இரிக்கி. இந்தக் கிழமைக்குள்ள காட்டாட்டி விரல எடுக்க வேண்டி வரும். நான் எத்தினையக் கண்டிரிக்கன். முதல்ல விரல். மறுகா..."

"மறுகா சொல்லாத புள்ள!"

மதிலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பல்லி, யன்னல், பெட்டி, மீசை. பிரஷாந்தி முதலில் சிரித்தாள். பிறகு பெட்டி இடத்தில் கண்ணைத் துடைத்தாள். பிறகு திரும்பவும் சிரித்தாள்.

"அன்டி, இப்ப அந்தப் பல்லி செத்தது அங்கிளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியும் எண்டு அங்கிளுக்குத் தெரியா. அப்பிடித்தானே?"

"ஓம்."

"அப்ப பல்லி உங்களுக்குச் சார்பா சொன்னா, அங்கிள் என்ன செய்வார்?"

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். இந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புப் படித்தது.

அன்று முழுவதும் பழகினேன். உடுப்புத் தோய்க்கும்போது, தேங்காய் துருவும்போது, குளியலறையில். நாக்கை மேல் அண்ணத்தில் ஒட்டி இழுக்க வேண்டும். முதலில் கோழியைக் கூப்பிடுகிற மாதிரி வந்தது. அடுத்த வீட்டுக் கோழி இரண்டு வந்தும் விட்டன. பிறகு பல்லி இல்லை, ஓணான் மாதிரி வந்தது. ஓணான் சத்தம் போடுமா என்று தெரியாது. போட்டால் அப்படித்தான் போடும். நாக்கு வறண்டு வறண்டு நாலு செம்பு தண்ணீர் குடித்தேன். தெம்புக்கு, அலுமாரியில் அவருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்திருந்த மஸ்கற்றில் கடைசித் துண்டையும் தின்றேன். மூன்று மணிக்குச் சரியாக வந்தது.

"அன்டி!" மதிலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து குரல். "பல்லி நல்லாச் சொல்லுது!"

ஆறு மணி. சிவப்புப் பல்ப். எறோல் கதிரையில் இருந்தார். நான் கேத்திலோடு அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இஞ்ச பாருங்க. நாளைக்கு விடிய நீங்க கிளினிக்குக்குப் போகத்தான் வேணும்."

ட்சுக், ட்சுக், ட்சுக்.

எறோலின் கையில் கோப்பை அந்தரத்தில் நின்றது. மெதுவாகத் தலையை உயர்த்திப் படத்தைப் பார்த்தார். கழுத்தில் மயிர் குத்திட்டு நிற்பது எனக்குத் தெரிந்தது.

"என்ன... என்ன சத்தம் அது?"

"நீதவான்தான். வேற ஆரு?"

"இல்ல, இரிக்கேலாது."

"ஏன் இரிக்கேலாது?"

கோப்பையைக் கீழே வைத்தார்.

"இது வேற பல்லி கொன்னி. குரல் வேற மாதிரி இரிக்கி."

"வேற பல்லியா? அப்ப நம்மட பல்லி எங்க?"

"அது... வெளிய போயிரிக்கும்."

"நேத்து மூணு தீர்ப்புச் சொன்ன பல்லி இண்டைக்கு எங்க போகும்? படத்தக் கழட்டிப் பாப்பமா?"

"வேணா! வேணா! கழட்டாத!"

"அப்ப மேசையத் தட்டுங்க."

சிவப்புப் பென்சிலைக் காதில் இருந்து எடுத்தார். ஒரு தட்டு. இரண்டு தட்டு. மூன்றாவது தட்டில் பென்சில் முனை உடைந்தது. முப்பத்தொரு வருஷக் கலியாண வாழ்க்கையில் அவர் என் சொல்லுக்குத் தட்டிய முதல் மேசை அது. அந்த மேசையைச் செய்ததும் அவரே.

நான் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வெற்றியோடு குசினிப் பக்கம் திரும்பினேன்.

"கொன்னியும் வரணும்" என்றார் எறோல் பின்னால் இருந்து.

"நான் இல்லாம நீங்க எங்க போறீங்க? வருவன்."

"சும்மா வந்தாப் போதாது. கொன்னியும் விரல் குத்திச் சீனி பாக்கணும்."

ட்சுக், ட்சுக், ட்சுக்.

திரும்பிப் பார்த்தேன். கோப்பை வாய்க்கு முன்னால் இருந்தது. மீசை ஆடி ஓய்ந்தது.

என்ன சொல்வது? பல்லி செத்துப்போய்விட்டது என்றா? நான் கேத்திலைக் கீழே வைத்துவிட்டு, மேசையைத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை விடிய, வெறும் வயிற்றோடு முச்சக்கர வண்டியில் போனோம். பிரஷாந்தி வாசலில் நின்றாள். எறோலை நேரே உள்ளே கொண்டுபோனாள். டொக்டர் காயத்தைத் திறந்து ஒரு நிமிஷம் அமத்திப் பார்த்தார். எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தலை முழுவதும் நரைத்தது.

"சரியான நேரத்தில வந்திரிக்கீங்க" என்றார் டொக்டர். "இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தா விரல எடுத்திரிப்பம். இனி ஒவ்வொரு நாளும் வந்து கழுவிக் கட்டணும்."

வெட்டிக் கழுவிக் கட்டினார்கள். வெள்ளைக் கட்டோடு எறோல் வெளியே வந்து வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். முகம் வெளிறிப்போய் இருந்தது. கொஞ்ச நேரம் காலையே பார்த்தார்.

"கொன்னி."

"என்ன?"

"நீதவான் செத்துப்போனார்."

"தெரியும்."

"யன்னலுக்குள்ள. என்ட கையாலதான்."

"தெரியும்."

"எப்ப இருந்து தெரியும்?"

"நீங்க தையல் பேணி கேட்டதுக்கு முதல்ல இருந்து."

யோசித்தார். மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நேத்துச் சொன்னது?"

நான் நாக்கை அண்ணத்தில் ஒட்டி இழுத்தேன். ட்சுக், ட்சுக், ட்சுக். வரிசையில் இருந்த ஏழெட்டுப் பேர் உடனே வாங்கைத் தட்டினார்கள்.

எறோல் சிரித்தார். சிரித்துக்கொண்டு இருக்கும்போதே கண்ணால் தண்ணீர் வந்தது. தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார்.

"நல்ல சீவன் கொன்னி. கண்ணத் தன்ட நாக்கால துடைக்கும். பாத்திரிக்கியா?"

"பாத்திரிக்கன். பெட்டி வடிவா இரிந்தது."

"வடிவா இரிந்ததா?"

"வாலுக்கும் இடம் விட்டிரிந்தீங்களே."

அது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். "இனி அந்த யன்னலில ஒரு நூல் இடைவெளி விடப்போறன்" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். கலியாணத்துக்குப் பிறகு பொது இடத்தில் பிடித்தது அதுதான் முதல் தடவை. கால் தப்பியது. மனிசன் மனிசனாகிவிட்டார். எல்லாம் என் நாக்கின் வேலை. அந்த வாங்கில் நான் ஒரு ராணியைப்போல் இருந்தேன்.

பிரஷாந்தி சீனி பார்க்கிற சின்ன மெஷினோடு வந்தாள். முதலில் எறோலுக்குக் குத்தினாள்.

"இருநூத்தி முப்பத்தி ரெண்டு. அங்கிள், இது கூட. சரி, அன்டி, விரலத் தாங்க."

"எனக்கு என்னத்துக்குப் புள்ள? எனக்கு ஒண்டும் இல்ல."

"கொன்னி, நீ மேசையத் தட்டினாய்" என்றார் எறோல்.

"அதுதான் பல்லியே செத்துப்போயித்தே!"

"தீர்ப்பு சாகல்ல."

விரலை நீட்டினேன். குத்தினாள். மெஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிரஷாந்தி அதைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். இன்னொரு விரலில் குத்தினாள். திரும்பவும் பார்த்தாள்.

"அன்டி, வெறும் வயித்திலயா வந்தீங்க?"

"ஓம்."

"முன்னூத்தி நாப்பத்தி ஒண்டு. தாகம் எடுக்குதா? அடிக்கடி தண்ணி குடிக்கிறீங்களா?"

"அது கவலையில புள்ள. அது தன்ட பாட்டில மாறிடும்."

சொன்ன பிறகுதான் யாருடைய பேச்சு என் வாயில் இருந்து வருகிறது என்று விளங்கியது. மெதுவாகத் திரும்பிப் பக்கத்தில் பார்த்தேன்.

எறோல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை மட்டும் ஆடியது.